உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

முதல் குழந்தை ஆறாம் மாதத்திலேயே வந்துவிட்டது.

வரவிடக் கூடாது என்றுதான் பார்த்தார்கள். வலி அடங்க மாத்திரை, பிள்ளைகளின் நுரையீரல் தேற ஊசி, மூளைக்குக் காவலாக டிரிப்பில் ஒரு மருந்து. எல்லாம் கொடுத்தாயிற்று. ஊசியின் அடுத்த தவணைக்கு அது காத்திருக்கவில்லை. ஒரு கைக்குள் அடங்கியது. பச்சிளங்குழந்தை வார்டுக்காரர்கள் அதை பிளாஸ்டிக் உறையில் பொதிந்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ரெட்டை. உள்ளே இன்னொன்று இருந்தது.

நல்லசிவம் கருவிக்குக் கையை நீட்டினார். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருஷக்கணக்காகப் பிரசவம் பார்த்துவிட்டு, தலை நரைத்த பிறகு மேற்படிப்புக்கு வந்தவர். முதலாவது வந்ததும் இரண்டாவதின் பனிக்குடத்தை உடைத்து அதையும் எடுத்துவிட வேண்டும். தாமதம் ஆகாது. அவர் யோசிக்கவே வேண்டாம், கை தானாகச் செய்யும்.

"கையை எடுங்க, சார்."

சொன்னவர் ஜெசிந்தா. பேராசிரியர். நல்லசிவத்தைவிட வயதில் சின்னவர், அதனால் 'சார்' என்பார். மரியாதை அந்த ஒரு சொல்லோடு சரி.

"ரெண்டாவது இருக்கே, மேடம்."

"இருக்கட்டும். அதுக்கு என்ன அவசரம்?"

நூல் கேட்டு வாங்கினார். தொப்புள்கொடியை எட்டிய மட்டும் மேலே கட்டி, வெட்டினார். மிச்சக்கொடி உள்ளே போய்விட்டது. இரண்டுக்கும் தனித்தனிப் பை, தனித்தனி நஞ்சுக்கொடி; ஒன்று போனாலும் மற்றது தங்க வழியுண்டு. ரத்தப்போக்கு இல்லை. காய்ச்சல் இல்லை. வயிறு மெதுவாக அடங்கியது.

ஜெசிந்தா தாயின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"ஆவுடை, கேளு. உள்ள இருக்கிறதை இன்னும் கொஞ்ச நாள் உள்ளயே வச்சுப் பாக்கலாம். காய்ச்சல் வந்தாலோ ரத்தம் போனாலோ எடுத்துருவேன். உன் உயிருக்கு அப்புறம்தான் அது. சம்மதமா?"

"வைங்கம்மா" என்றாள் ஆவுடை. "இதாவது கொஞ்சம் வளரட்டும்."

வெளியே வந்ததும் நல்லசிவம் கேட்டார். "இப்ப நாம என்ன செய்யணும், மேடம்?"

"உட்காரணும்."

கேலி என்று நினைத்துக்கொண்டார்.

ஆவுடையின் மாமியார் வராண்டாவில் மறித்தாள். "ஏ டாக்டரம்மா, ஒரே வயித்துப் பிள்ளையளுக்கு ரெண்டு நட்சத்திரமா? சோசியக்காரன் குழம்பிருவானே!"

"குழம்பட்டும்" என்றார் ஜெசிந்தா.

வார்டில் ஆவுடைக்கு அடுத்த கட்டில் முப்பிடாதியுடையது. சத்தமாகப் பேசுகிறவள். கட்டிலில் தங்கமாட்டாள். அவளைச் சுற்றி மல்லிகை வாசம்.

"இது வார்டா, கல்யாண மண்டபமா?" என்று நல்லசிவம் அதட்டினார். "பூ எதுக்கு?"

"தலைக்கு இல்ல டாக்டரு. நெஞ்சுல கட்டியிருக்கு. பால் வத்தணும்லா."

"பிள்ளை எங்க?"

"இல்ல."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் நல்லபடியாகப் போயிற்று. பிறகு ஆவுடைக்கு வலி திரும்பியது. வரும், போகும். நல்லசிவம் மாத்திரையைக் கூட்டினார். நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிருமி எதுவும் தெரியவில்லை. நாடியும் சீர்.

"மேடம், இனி வைக்கிறது சரியில்ல. எடுத்துரலாம்."

"இப்ப எடுத்தா பொழைக்குமா?"

"கஷ்டம்தான்."

"ஏன் வலிக்குது?"

"ரெட்டைன்னா வலிக்கத்தான் செய்யும்."

"அது பதில் இல்ல. போய் அவ பக்கத்துல உட்காருங்க."

"என்னத்தைப் பாக்கணும்?"

"தெரிஞ்சா நானே பாத்திருப்பேனே. கையை மடியில வச்சுக்கிட்டு உட்காருங்க. அந்த டிரிப்பை நோண்டாதீங்க."

உட்கார்ந்தார். ஸ்டூல் ஆடியது. எத்தனை பேருக்குப் பிரசவம் பார்த்த ஆள், வாட்ச்மேன் மாதிரி உட்கார வைத்துவிட்டார்களே என்று உள்ளுக்குள் பொருமினார். கை குறுகுறுத்தது. முப்பிடாதி பார்த்துச் சிரித்தாள். "என்ன டாக்டரு, பெஞ்சு மேல ஏத்திட்டாவளா?"

பச்சிளங்குழந்தை வார்டு சிஸ்டர் மூடி போட்ட கிண்ணத்தோடு வந்தார். ஆவுடை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே இருப்பதற்குப் பால் பீச்சினாள். நல்லசிவம் கூச்சத்தில் ஜன்னலைப் பார்த்தார். அவள் மூச்சு இழுபட்டது காதில் விழுந்தது. கிண்ணம் போனதும் வயிற்றில் கை வைத்தார். கல்.

கொஞ்ச நேரத்தில் இளகியது. அடுத்த முறை கிண்ணம் வந்தது. மறுபடி கல்.

மார்பைத் தூண்டினால் கருப்பை சுருங்கும். படித்ததுதான். பரீட்சையிலும் எழுதியதுதான். வெளியே இருப்பதற்கு ஊட்ட ஊட்ட, உள்ளே இருப்பது நெட்டித் தள்ளப்படுகிறது.

"ஆவுடை, நீ பால் எடுக்கக் கூடாது."

"அப்ப அதுக்கு?"

"தாய்ப்பால் வங்கி இருக்கு. மத்த தாய்மார் குடுக்கிறது. சோதிச்சு, காய்ச்சித்தான் ஊட்டுவாங்க."

"வேண்டாம்."

"நல்ல பால்மா."

"நல்லதா இருக்கட்டும். உள்ள இருக்கிறதுக்கு வயித்தைக் குடுத்திருக்கேன். வெளிய கெடக்கிறதுக்கு என்னத்தக் குடுத்தேன்? இன்னும் மூஞ்சியைக்கூடப் பாக்கல. இது ஒண்ணுதான் குடுக்கேன். அதையும் பிடுங்காதீங்க."

அவர் ஜெசிந்தாவைத் தேடிப் போய்ச் சொன்னார்.

"சொன்னேன். கேக்க மாட்டேங்குறா, மேடம்."

"நான் சொன்னாலும் கேக்க மாட்டா."

"அப்ப?"

ஜெசிந்தா அவரோடு வந்தார். வார்டு வாசலோடு நின்றுவிட்டார். நல்லசிவம் உள்ளே காலை வைக்கப் போனார். ஜெசிந்தா கையை நீட்டித் தடுத்தார்.

முப்பிடாதி ஆவுடையின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கைக்குள் கைவிட்டு மல்லிகையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாடி, மஞ்சளாகி, நனைந்திருந்தது.

"ஏட்டி, இங்க பாரு. எம்புள்ள இல்லன்னு எனக்குத் தெரியுது. இந்தப் பாலுக்குத் தெரியலியே. பூவை மாத்தி மாத்திக் கட்டுதேன், நிக்க மாட்டேங்கு. உம்புள்ளைக்கு நான் குடுக்கேன். நீ உள்ள கெடக்கிறதைப் பாரு."

ஆவுடை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ள குடிச்சா உனக்கு மனசு சங்கடமா இருக்காதாக்கா?"

"கோட்டிக்காரி! குடிக்கலன்னாதான் சங்கடம்."

இரண்டு பேரும் அழுதார்கள். நல்லசிவம் பதறினார். "மேடம், அழுதா வலி..."

"அழட்டும். சும்மா நில்லுங்க."

பால் வங்கியிலிருந்து வந்து முப்பிடாதியின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பாலைக் காய்ச்சி, சொட்டுச் சொட்டாகக் குழாய்வழி ஊட்டினார்கள். ஆவுடையிடம் கிண்ணம் வரவில்லை. அவள் வயிறு அடங்கிவிட்டது.

முப்பிடாதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே பஸ் பிடித்து வந்து நின்றாள். தினமும் வந்தாள். வங்கியில் வேலையை முடித்துவிட்டு வார்டுக்குள் நுழைந்து, "உன் மூத்தது இன்னைக்கு என்னைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சுட்டாட்டி" என்று ஆவுடையிடம் புகார் சொல்லிவிட்டுப் போவாள். நல்லசிவம் அவள் வரும்போது ஸ்டூலை எடுத்துப் போட ஆரம்பித்திருந்தார்.

வாரங்கள் போயின. எட்டாம் மாதத்தில் ஒரு காலையில் இரண்டாவது வந்தது. யாரும் எதையும் உடைக்கவில்லை. தானாக வந்தது. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது. மூத்தது அப்போது வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்து, அகன்ற துணிப் பொதியில் உறங்கிக்கொண்டிருந்தது. மாமியார் இரண்டு நட்சத்திரத்தையும் விரலில் எண்ணிக்கொண்டு சோசியக்காரன் வீட்டுக்குப் போனாள்.

நல்லசிவம் கை கழுவுகிற இடத்தில் ஜெசிந்தாவைப் பிடித்தார்.

"மேடம், இந்தக் கேஸை நான்தான் டாக்டருங்க கூட்டத்துல சொல்லணும். வலியை நிறுத்தினது எதுன்னு கேப்பாங்க. மாத்திரையைக் கூட்டினோம், கேக்கல. அப்புறம் நாம எதுவுமே குடுக்கல. எந்தப் பேரைச் சொல்லட்டும்?"

ஜெசிந்தா குழாயை மூடினார். கையைத் துடைத்தார்.

"முப்பிடாதி."