சுழி பார்த்து வாங்கிய குதிரை

அல்லிக்குளத்தின் கரையில் ஆதிமூலம் என்றொரு கரடி வாழ்ந்தது. தேனடைகளும் புற்றுகளும் நிறைந்த காட்டில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. குதிரைமேல் ஏறிக் காட்டை வலம் வர வேண்டும்!

அந்த ஆசை தரகு நரியின் காதில் விழுந்தது. சில நாட்களில் அது சமவெளியிலிருந்து ஒரு பெண் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டது. செவலை நிறம். மாலை வெயிலில் அதன் முதுகு செம்பைப் போல் மின்னியது.

“அண்ணாச்சி, இதைப்போல ஒன்று இந்தக் காட்டுக்குள் கால் வைத்ததே இல்லை!” என்றது நரி.

கரடிக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. அதனால் குளத்துக் கொக்கை அழைத்தது. கொக்கு சுழி பார்ப்பதில் பேர் பெற்றது. உடம்பில் மயிர் எங்கெங்கே சுழிந்திருக்கிறது என்று பார்த்து, உடையவனுக்கு வரப்போகும் நன்மை தீமைகளைச் சொல்லிவிடும்.

கொக்கு குதிரையைச் சுற்றி வந்தது. கழுத்தைப் பார்த்தது. வாலைத் தூக்கிப் பார்த்தது. நெற்றியைப் பார்த்ததும் சிறகடித்தது.

“ராஜ சுழி! ஆதிமூலம், இதைக் கட்டி வைத்திருப்பவன் வாசலில் யானை வந்து காத்துக் கிடக்கும்!”

“என் பல்லைப் பார்க்க வேண்டாமா?” என்று குதிரையே கேட்டது. “என்னைக் கொஞ்சம் நடத்திப் பார்க்க வேண்டாமா? நான் என்ன தின்பேன், எங்கே நிற்பேன் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?”

“அடேயப்பா! என்ன கணீரென்று பேசுகிறது!” என்று கரடி பூரித்துப்போனது. குரல் காதில் விழுந்தது. பேச்சு விழவில்லை.

ஒரு மரத்துத் தேன் முழுவதும் நரிக்குப் போனது. குதிரை கரடிக்கு வந்தது.

கரடி குளத்தங்கரையிலேயே கொட்டகை போட்டது. தண்ணீர் குடிக்க வரும் எல்லாரும் அங்கேதானே வருவார்கள்! குதிரையின் நெற்றியில் பொட்டு வைத்தது. கழுத்தில் மாலை போட்டது. வேளை தவறாமல் வெல்லமும் பலாச்சுளையும் ஊட்டியது.

“ஐயா, இங்கே ஒரே சேறு. ஈரத்திலேயே நின்றால் என் குளம்பு அழுகிவிடும். மேட்டில் காய்ந்த தரையில் கட்டுங்கள்.”

“மேட்டில் கட்டினால் யார் பார்ப்பார்கள்?”

“இனிப்பு வேண்டாம் ஐயா, வயிறு நோகிறது. புல் போதும்.”

“புல்லா! ஆதிமூலத்தின் குதிரை புல் தின்கிறது என்று வெளியே சொல்ல முடியுமா?”

மழைக்காலம் வந்தது. கரடி குதிரைமேல் ஏறிக் கல்லும் முள்ளுமான ஓடை வழியே ஊர்வலம் போனது. திரும்பி வந்தபோது குதிரையின் முன்காலில் ஒரு கல் சிக்கியிருந்தது. சேற்றில் ஊறி மெத்தென்று ஆகியிருந்த குளம்பில் அது ஆழமாக ஏறிவிட்டது. அன்றிலிருந்து குதிரை அந்தக் காலை ஊன்றவில்லை.

குளத்தில் கிடந்த எருமைகள் தலை தூக்கிப் பார்த்தன.

“என்ன ஆதிமூலம், நீ வாங்கியது குதிரையா, முக்காலியா?”

கரடிக்கு மானம் போயிற்று. ஓடிப்போய்க் கொக்கை அழைத்து வந்தது. கொக்கு ஒற்றைக் காலில் நின்று குதிரையை உற்றுப் பார்த்தது.

“ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே! இது என்னைப்போலத் தவம் செய்கிறது!”

“தவமா?” குதிரைக்கு மூச்சு இரைத்தது. “வலி! குளம்பில் கல் இருக்கிறது. காலைத் தூக்கிப் பாருங்கள்!”

யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. தவம் கலையக் கூடாதென்று கரடி இன்னொரு மாலை போட்டது. கால் வீங்கியது. எருமைகளின் சிரிப்பும் ஓயவில்லை. கொக்கு மறுபடி வந்தது. இந்த முறை குளம்புக்கு மேலே இருந்த மயிரை அலகால் விலக்கியது.

“இதோ! விலங்குச் சுழி! அன்று வெயிலில் கண் கூசிவிட்டது. இது உடையவனைச் சிறையில் தள்ளும், ஆதிமூலம். சூடு போட்டு இதை அழித்தாக வேண்டும்!”

“என்னிடம் வண்டிச் சக்கரத்துப் பட்டை இரும்பு இருக்கிறது, அண்ணாச்சி” என்றது நரி. “நன்றாகப் பழுக்கக் காய்ச்சித் தருகிறேன்.”

நெருப்பு மூட்டினார்கள். வேடிக்கை பார்க்கக் காடே கூடிவிட்டது. மருதமரத்தில் கட்டப்பட்டிருந்த குதிரை, இரும்பு சிவப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றது. கரடி இரும்பைக் கையில் எடுத்தபோது குதிரை வாய் திறந்தது.

“நில்லுங்கள்! நான் நொண்டுவதால் உங்களுக்கு மானம் போகிறது. எனக்குக் காலே போகிறது! என் நெற்றிக்குப் பொட்டு வைத்தீர்கள், பூ வைத்தீர்கள், பார்த்துப் பார்த்துச் சிரித்தீர்கள். ஒரு நாளாவது என் காலைத் தொட்டீர்களா? புற்றைப் பிளக்கும் நகம் உங்கள் கையில் இருக்கிறது. அந்த நகத்தால் எடுக்க வேண்டிய கல்லுக்கு நெருப்பு மூட்டுகிறீர்களே! சுடுவதானால் சுடுங்கள். அதற்கு முன் ஒரு தடவை குனியுங்கள்!”



“குனிந்துதான் பாரேன், ஆதிமூலம்” என்றது ஓர் எருமை. அதன் குரலில் இப்போது கேலி இல்லை.

கரடி இரும்பைக் கீழே வைத்தது. குனிந்தது. குதிரையின் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்தது. குப்பென்று அழுகல் நாற்றம் அடித்தது. நகத்தை உள்ளே விட்டு மெல்ல நெம்பியது. கறுத்த சேறு வந்தது. அதன் பின்னால் நெல்லிக்கொட்டை அளவில் ஒரு கூழாங்கல் வந்து விழுந்தது.

“இதுவா?” என்றது கரடி.

“இதேதான். மழைக்காலம் முழுக்க இதேதான்.”

“கல்லாகவே இருக்கட்டும்!” என்று கொக்கு கழுத்தை நீட்டியது. “அது அந்தக் காலில் ஏறியது சுழியின் பலன்தானே!”

கரடி இரும்பைத் தூக்கிக் குளத்தில் எறிந்தது. தண்ணீர் சீறியது. கொக்கு பறந்துபோயிற்று.

“உன்னை மேட்டில் கட்டுகிறேன்” என்றது கரடி. “காய்ந்த தரை போடுகிறேன். புல் கொண்டு வருகிறேன்.”

“முதலில் கயிற்றை அவிழுங்கள்.”

கரடி அவிழ்த்தது. குதிரை நொண்டியபடியே, ஆனால் நான்கு கால்களையும் ஊன்றி நடந்தது. கழுத்து மாலை அறுந்து சேற்றில் விழுந்தது. மேடு வந்தது. குதிரை நிற்கவில்லை. மேட்டையும் தாண்டிச் சமவெளிப் பக்கம் இறங்கத் தொடங்கியது.

“எங்கே போகிறாய்?” என்று கரடி கத்தியது. “உன்னைக் கேட்டுக் கேட்டுச் செய்வேனே இனிமேல்!”

குதிரை ஒரு முறை திரும்பிப் பார்த்தது. “நீங்கள் கேட்காமலே அன்று சொன்னேனே, ஐயா!”

அவ்வளவுதான். அதன் செம்பு முதுகு மரங்களுக்கிடையே மறைந்தது.

“போனால் போகட்டும் அண்ணாச்சி” என்று நரி அருகே வந்து குழைந்தது. “வெள்ளைக் குதிரை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நெற்றியில் இரண்டு ராஜ சுழி!”

கரடி அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. விழுந்து கிடந்த கூழாங்கல்லை உள்ளங்கையில் எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு, அந்தச் சேற்றில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது.

ஓர் உயிரை வாங்கி வளர்ப்பவர்கள், அதன் நெற்றியில் தங்கள் அதிர்ஷ்டத்தைத் தேடும் முன், அதன் காலில் இருக்கும் வலியைத் தேட வேண்டும்.