ஏணை கேட்ட ஒரு வார்த்தை

“நான் ஒழுகுறேன், நான் ஒழுகுறேன்னு எல்லாரும் என்னையே ஏசுறீங்களே, என் தலைமேல வந்து உட்கார்ந்திருக்காளே இவ, இவளை ஒருத்தராவது கேட்டீங்களா?”

இப்படிக் கத்தியது நீர்ப்பை. ஜெசிந்தா என்றொரு பெண்ணின் அடிவயிற்றில், வரமிளகாய் தாளித்த ஒரு காலையில் நடந்த சண்டை இது. நெடியில் அவள் ஒரு தும்மல் போட்டாள். பாவாடை நனைந்தது. பழி நீர்ப்பைமேல் விழுந்தது.

“நானா ஆசைப்பட்டு உன் மேல உட்கார்ந்தேன்?” என்றது கருப்பை. “மூணு பிள்ளை சுமந்து ஓய்ஞ்சவ நான். கீழே ஏணை தொய்ஞ்சு போனா நான் எங்க நிக்கிறது?”

இரண்டையும் தாங்கிக்கொண்டு கீழே கிடந்தது இடுப்புத் தசை. தொட்டில் சேலைபோல எலும்புக்கு எலும்பு இழுத்துக் கட்டியிருந்ததால் அதற்கு ஏணை என்று பெயர். அதிகம் பேசாது.

“அடிச்சுக்காதீங்க,” என்றது ஏணை. “அவ இறங்குறதும் நீ ஒழுகுறதும் நான் தளர்ந்ததாலதான். பிள்ளை பெத்த பச்சை உடம்போட ஜெசிந்தா தண்ணிக்குடம் தூக்கினப்பவே முனகினேன். ஆட்டுக்கல்லை நகர்த்தினப்பவும் முனகினேன். என் முனகல் யாருக்குக் கேக்குது? வாய்கிட்ட சொல்லுவோம். நம்மள்ல வெளியே பேசத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.”

வாய் நன்றாகவே பேசும். கெட்ட மீனைச் செவுளைப் பொத்திக்கொண்டு விற்பவளைச் சும்மா விடாது. சாமியாரின் பிரசங்கத்திலேயே பிழை கண்டுபிடிக்கும். ஆனால் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த வாய்.

“இடுப்புக்குக் கீழே நடக்கிறதை எல்லாம் நல்ல குடும்பத்துப் பொம்பளைங்க பேச மாட்டாங்க,” என்றது. “தண்ணியைக் குறைச்சுக் குடிக்கிறேன். போங்க.”

குறைத்தது. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்ளக் கை பழகியது. ஜெசிந்தா மாதா கோயில் பாடகர் குழுவின் முதல் குரல். உச்சத்துக்குப் போனால் கீழே நனைந்துவிடும் என்று பயந்து, அவள் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள்.

“ஏன் ஜெசி, பாட வரலியா? ஈஸ்டருக்கு நீ இல்லாம எப்படி?” என்று கேட்டாள் குழுவை நடத்தும் ரெஜினா டீச்சர்.

“தொண்டை சரியில்ல டீச்சர்,” என்றது வாய்.

“எனக்கென்ன கேடு?” என்றது தொண்டை. பாவம், பாட்டைத் தவிர அதற்கு வேறு சந்தோஷம் தெரியாது.

சில மாதங்கள் போயின. ஒழுகல் நின்றது. தும்மினாலும் ஒரு சொட்டு இல்லை.

“பார்த்தீங்களா? பேசாம இருந்தாலே பாதி நோய் போயிடும்,” என்றது வாய்.

“போகல,” என்றது ஏணை. “கருப்பை இன்னும் சரிஞ்சிட்டா. நீர்ப்பையும் கூடவே சரிஞ்சிருக்கு. தோட்டத்து ஓஸ் மடிஞ்சா தண்ணி நிக்குமே, அப்படிக் குழாய் மடிஞ்சு கிடக்கு. உள்ளே தேங்குது.”

“ரொம்பி வலிக்குது,” என்றது நீர்ப்பை. இப்போது அது கத்தவில்லை. “ஒழுகினப்பவே நல்லா இருந்தேன்.”

கேட்பது காதின் வேலை, தன்னுடையதல்ல என்று சொல்லிவிட்டது வாய்.

பிறகு ஒருநாள் குளிக்கும்போது கீழே பந்துபோல ஏதோ தட்டுப்பட, கை சோப்பை நழுவவிட்டது.

ஜெசிந்தா டாக்டரிடம் போனாள். முழங்கால் வலிக்கு.

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா வேறொரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். “இறங்கின கருப்பையை மேல நிறுத்த வளையம் இருக்கும்மா. தசைக்குப் பயிற்சி இருக்கு. தேவைப்பட்டா ஆபரேஷன். இதையா இத்தனை வருஷம் ஒளிச்சு வச்சீங்க?”

காது ஒரு சொல் விடாமல் கீழே சொல்லி அனுப்பியது. ஏணைக்குள் நெடுநாளைக்குப் பிறகு ஓர் இழை இறுகியது.

அவள் முறை வந்தது. முழங்காலை அமுக்கிப் பார்த்து மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்: “வேற ஏதாவது தொந்தரவு? ஒன்னுக்குப் போறதுல? கீழே கனமா இருக்கிற மாதிரி?”

அடிவயிறு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தொண்டைகூடத் தன்னைச் செருமிச் சரிசெய்துகொண்டது.

வாய் திறந்தது.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். முட்டிக்குக் குடுத்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

நாற்காலி நகர்ந்தது. கை பையை எடுத்தது. கால் வாசலைப் பார்த்துத் திரும்பியது.

“கொஞ்சம் நில்லு,” என்றது ஏணை வாயிடம், கீழேயிருந்து. “கதவை இன்னும் சாத்தல. டாக்டரம்மா இன்னும் உன்னையேதான் பார்த்துக்கிட்டிருக்காங்க. ஒரு வார்த்தை போதும். சொல்லேன்.”