மூன்று விழுந்த குழி

மலைகளுக்கு இன்னும் பேர் வைக்காத காலம், கேளுங்கள். ஒரு மலையடியில் மாடு மேய்க்கிறவர்கள் பட்டி போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் கொடையன்.

பட்டியை ஒட்டி ஒரு சரிவு. அதைத் தாண்டினால் இன்னொரு சரிவு, இடுப்பளவு புல். ஆனால் அங்கே புலி.

புலி உறுமும். மாடு மிரளும். "பக்கத்துலேயே மேய்ச்சுக்கோங்கடா!" என்பான் கொடையன். நேற்று மேய்ந்த இடத்திலேயே இன்றும் மேய்த்தார்கள். புல் விரலளவு வந்தது, மாடு கடித்தது. நகத்தளவு வந்தது, மாடு கடித்தது. அப்புறம் வேரே வெளியே வந்துவிட்டது. கன்றுகள் மண்ணை நக்கின. ஒரு கன்று செத்தும் போயிற்று.

கொடையனின் அண்ணன் மனைவி சடைச்சி சொன்னாள்: "மந்தையை அந்தச் சரிவுக்கு ஓட்டணும், கொழுந்தனாரே. இல்லேன்னா ஒண்ணும் மிஞ்சாது."

"புலிக்கு விருந்து வைக்கவா, மதினி?"

"சரி, பல்லாங்குழி ஆடுவோம். நான் ஜெயிச்சா மந்தை என் பேச்சைக் கேட்கணும். தோத்தா நான் வாயே திறக்கமாட்டேன்."

"உங்க வாய் மூடுமா? அதுக்காகவே ஆடலாம்!"

மண்ணில் குழி பறித்தார்கள். புளியங்கொட்டை போட்டார்கள். தன் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும்; வெறுங்குழியிலும் ஒவ்வொரு கொட்டையாகச் சேரும். நான்கு சேர்ந்தால் அதற்குப் பேர் பசு. குழி யார் பக்கம் இருக்கிறதோ, பசு அவருக்கு.

புலி உறுமியது. கொடையன் பதறி, இரண்டு விழுந்த குழியை அள்ளினான். மறுபடி உறுமியது. மூன்று விழுந்த குழியை அள்ளினான். கிட்டத்தில் உறுமியது. மூன்று விழுந்த இன்னொரு குழியையும் அள்ளினான்.

சடைச்சிக்கும் அந்த உறுமல் கேட்டது. ஆனாலும் மூன்று விழுந்த குழியை அவள் தொடவில்லை. நான்காவது கொட்டை தானாக வந்து விழுந்தது. "பசு!" என்றாள். அடுத்த குழியிலும் பசு. அதற்கடுத்ததிலும் பசு.

"எங்கே கொழுந்தனாரே உங்க பசு? புலியா தின்னுச்சு?"

கொடையன் தன் பக்கத்து வெறுங்குழிகளைப் பார்த்தான். மொட்டைச் சரிவைப் பார்த்தான்.

"நான்தான் தின்னேன், மதினி. ஒண்ணையும் பசுவாக விடலையே."

அன்றே கிளம்பினார்கள். கன்றுகள் நடுவில், கொம்புகள் வெளியில். ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி நடந்தார்கள். புதர் அசைந்தது. பின்தங்கிய கிழட்டு எருது ஒன்று கத்தியது, அப்புறம் கத்தவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற மாடெல்லாம் புல்லில் வாய் வைத்தன.

பழைய சரிவில் புல் முழங்கால் தொட்ட பிறகே திரும்பினார்கள். அதுமுதல் பயந்துகொண்டேதான் போனார்கள், ஆனாலும் சரிவு மாற்றிச் சரிவு போனார்கள்.

மேய்ந்த நிலத்தை வளர விடுகிறவனுக்குத்தான் மந்தை நிற்கும், மக்களே.