மூன்றாவது கிளட்ச் பிளேட்

எட்டு மாசத்தில் மூன்று கிளட்ச் பிளேட்டைத் தின்று தீர்த்த ஜீப்பைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

போடி மலையடிவாரத்தில் தங்கமாயன் வீட்டு முன்னால் அது நின்றது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. அவர் மகள் நாகஜோதியைவிட அதற்கு ஒரு வயது கூட. விடியக்காலையில் பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும். சாயங்காலம் அவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்.

முப்பது வருஷம் தங்கமாயன்தான் ஓட்டினார். தை மாசம் இடது முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. இனிமேல் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவியை மகள் கையில் கொடுத்தார். அவளிடம் லைசென்ஸ் இருந்தது, துணிச்சலும் இருந்தது.

சாவியைக் கொடுத்தாரே ஒழிய, பக்கத்து சீட்டை விடவில்லை. அடிவாரத்தில் தொடங்கினால் தோட்டத்து கேட் வரைக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போவார். கியரை மாத்து, இரு இரு, இப்ப வேணாம், தயாரா இரு, அங்கிட்டு ஒடி. பின்னால் உட்கார்ந்த பெண்கள் அவருக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டார். ரேடியோ நின்றால் வண்டி ஏறாது என்பது அவர் நினைப்பு.

ஓட்டத் தெரிந்த மனுஷனுக்குக் கழற்றத் தெரியாது. அந்தக் குறை அவருக்கு வெகுநாளாக உண்டு. செக்போஸ்ட் பக்கம் பட்டறை வைத்திருக்கிற பாண்டீஸ்வரியிடம் போய், சித்திரையில் சிஷ்யனாகச் சேர்ந்தார். குருவுக்கு முப்பத்திரண்டு வயசு, சிஷ்யனுக்கு அறுபது. அவள் சிரிக்கவில்லை. விளக்குமாற்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் போனார். அவருக்கு அவள் வாத்தியாரம்மா. அவளுக்கு அவர் பெரியப்பா.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, பாதி ஏற்றத்தில் இன்ஜின் அலறியது. வண்டி நகரவில்லை. கருகிய வாடை வந்தது. பெண்கள் இறங்கி நடந்தார்கள். இன்னொரு ஜீப் இழுத்துக்கொண்டுவந்து வீட்டில் விட்டது. திங்கட்கிழமை காய் எடுப்புத் தொடங்குகிறது.

தங்கமாயன் அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போனார்.

"வாத்தியாரம்மா, ஒரே கேள்வி. பிளேட்டு மட்டமா, இல்ல எம்மக காலு மட்டமா?"

பாண்டீஸ்வரி டயரைத் தட்டிக்கொண்டிருந்தாள்; அவரே தொடர்ந்தார்.

"காலுதான்னு நீ சொல்லிட்டா, திங்கக்கிழமைக்கு வேற டிரைவர் பேசி வச்சிருக்கேன். அவகிட்டயும் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"சாவிய எடுத்து ஆணியில மாட்டிட்டா."

குரு டயரை உருட்டி ஓரமாகச் சாய்த்தாள். நாளைக்கு உங்க வீட்டுக்கே வர்றேன், நீங்களே கழட்டுங்க என்றாள். டயர் மாற்றுவதைத் தவிர, தனியாக இதுவரை ஒன்றையும் கழற்றாதவர் அவர். நீ என்ன பண்ணுவ என்று கேட்டார்.

"வேர்க்கடல திம்பேன்," என்றாள்.

சொன்னபடியே செய்தாள். ஞாயிறு காலையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தங்கமாயன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். சீட்டைத் தூக்கினார், தரைத்தகட்டைப் பிரித்தார். முன் சக்கரத்துக்குப் போகிற ஷாப்ட், பின் சக்கரத்துக்குப் போகிற ஷாப்ட் இரண்டையும் இறக்கினார். கழன்ற நட்டுகளை நாகஜோதி இட்லித்தட்டின் குழிகளில் பிரித்துப் பிரித்து வைத்தாள். எந்தக் குழி எந்த இடத்து நட்டு என்று அவளுக்குத் தெரியும். மதியத்துக்குள் கியர்பாக்ஸ் ஜாக்கி மேல் உட்கார்ந்து வெளியே வந்துவிட்டது. தனக்கு இவ்வளவு வரும் என்று தங்கமாயனே நினைக்கவில்லை.

பழைய பிளேட்டைப் பார்த்தார்கள். அடுப்பில் மறந்துவிட்ட அப்பளம் மாதிரி கருகியிருந்தது. பெடலை மிதிக்கும்போது சுற்றுகிற பேரிங்கை எடுத்து விரலால் சுழற்றினாள் பாண்டீஸ்வரி. கரகரவென்றது.

"நாலு மாசத்துப் பேரிங்கு. ஒரு நிமிஷம்கூட இத ஓய விடல," என்றாள்.

தங்கமாயனுக்கு முகம் மலர்ந்தது. நியாயம் தன் பக்கம் வந்துவிட்ட மலர்ச்சி.

"பாத்தியா? கிளட்ச மிதிச்சா முழுசா மிதிக்கணும், விட்டா முழுசா விடணும். கால மேலயே வச்சிருந்தா, புடிக்கவும் புடிக்காது, விடவும் விடாது. உரசி உரசியே செத்துப்போகும். அப்ப காலுதானே?"

"காலுன்னு நான் இன்னும் சொல்லல."

"பின்ன?"

"மாட்டுங்க, பாப்போம்."

நாகஜோதி உள்ளே போய், பாண்டீஸ்வரி வாங்கிவந்திருந்த புதுப் பிளேட்டையும் பேரிங்கையும் எடுத்துக்கொண்டு வந்தாள். எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட்டாள். பிளேட் நடுசென்டராக உட்கார வேண்டும், இல்லையென்றால் கியர்பாக்ஸ் உள்ளே நுழையாது. அதற்கென்று இருக்கிற கம்பி கையில் இல்லை. அவள் சப்பாத்திக் கட்டையைக் கொண்டுவந்து, கைப்பிடியில் டேப் சுற்றிச் சுற்றி அளவாக்கிக் கொடுத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இனி ஒரு மாசத்துக்கு இந்த வீட்டில் தோசைதான் என்றாள் பாண்டீஸ்வரி. அப்பாவும் மகளும் வண்டி நின்ற பிறகு முதல்தடவையாக ஒன்றாகச் சிரித்தார்கள்.

பிறகுதான் கஷ்டம் தொடங்கியது.

கியர்பாக்ஸைத் திருப்பி ஏற்ற வேண்டும். தங்கமாயன் ஜீப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். பாரத்தை ஜாக்கி தாங்கியது. இரண்டு கையாலும் அதை நிமிர்த்தி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற தண்டைப் பிளேட்டின் துவாரத்துக்குள் விட வேண்டும். பல்லும் பல்லும் பொருந்துவதைக் கண்ணால் பார்க்க முடியாது. கைதான் அறிய வேண்டும்.

காலையிலிருந்து தானாக ஒரு வேலையும் சொல்லாத பாண்டீஸ்வரி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"கொஞ்சம் தூக்குங்க பெரியப்பா. போதும். இல்ல, இறக்குங்க. இடது. ஏன் நிறுத்திட்டீங்க? தள்ளுங்க. இருங்க, இப்ப வேணாம். தயாரா இருங்க."

அவர் தூக்கினார், இறக்கினார். பல் தட்டுப்படுகிற மாதிரி கைக்குத் தெரியும், அந்த நேரம் பார்த்து அவள் குரல் வரும். கை நின்றுவிடும். அடுத்து என்ன சொல்லப்போகிறாளோ என்று, தள்ளாமலும் விடாமலும் அப்படியே பிடித்துக்கொண்டு கிடந்தார். கால் மணி நேரம் ஆனது. அரை மணி நேரம் ஆனது. தோள் கடுத்தது. எண்ணெய் சொட்டிக் கண்ணில் விழுந்தது. இவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று மனசுக்குள் வைதார். சிஷ்யன் வாய்விட்டு வையக் கூடாதே என்று பல்லைக் கடித்தார். அதுவும் எவ்வளவு நேரம் தாங்கும்?

"ஏ தாயி. ஒண்ணு, நீ வந்து புடி. இல்ல, எங்கையில விட்டுட்டு அங்கிட்டுப் போயி உக்காரு. நீ எப்பச் சொல்லுவ, என்ன சொல்லுவன்னு காத்துக்கிட்டே கெடந்தா, கையி எப்படி வேல செய்யும்?"

மேலே பேச்சு நின்றது.

அடியில் படுத்திருந்தவருக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. பாண்டீஸ்வரியின் ரப்பர் செருப்பு. அதற்குப் பக்கத்தில் நாகஜோதியின் வெறுங்கால். இடது கணுக்காலைச் சுற்றித் துணிக்கட்டு, அதிலிருந்து தைல வாடை. எப்போதிருந்து கட்டியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. எட்டு மாசமாகப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ரப்பர் செருப்பு நகர்ந்தது. வாளி நகர்கிற சத்தம் கேட்டது. வேர்க்கடலை உடைகிற சத்தம் கேட்டது.

தங்கமாயன் கண்ணை மூடிக்கொண்டார். கியர்பாக்ஸை லேசாகத் திருப்பினார், தள்ளினார். பல் பல்லைக் கண்டுபிடித்தது. டொக் என்று ஒரே சத்தத்தில் போய் உட்கார்ந்தது.

அதற்கப்புறம் அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. இட்லித்தட்டு காலியாகிற வரைக்கும் ஒவ்வொரு நட்டாகப் போட்டு முறுக்கினார். மகளிடம் ஸ்பேனரை வாங்கும்போது மட்டும் அவள் கணுக்கால் துணிக்கட்டை ஒருதரம் பார்த்தார். அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

வெயில் தணிந்தபோது வேலை முடிந்தது. முதல் வளைவு வரைக்கும் ஏற்றிப் பார்க்க வேண்டும். பாண்டீஸ்வரி வீட்டுக்குள் போய், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துவந்து நாகஜோதியிடம் நீட்டினாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். இன்ஜின் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது.

தங்கமாயனின் கால் தன்னால் அந்தப் பக்கத்துப் படியில் ஏறியது. ஒரு கை கம்பியைப் பிடித்துவிட்டது. ஏறிய பிறகுதான் ஏறியது அவருக்கே தெரிந்தது. நாகஜோதி கியரில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் இடது கால் கிளட்ச் பெடலைத் தேடிப் போய், மிதிக்காமல் அதன் மேலேயே நின்றது.

அவர் திரும்பிக் குருவைப் பார்த்தார்.

"வாத்தியாரம்மா, நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லலயே. பிளேட்டா, காலா?"

பாண்டீஸ்வரி குழாயடியில் குந்தி, சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பெரியப்பா, இறங்கி வந்து எனக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க."