பாதி விலைத் தண்ணீர்

ஒரு காட்டில் இரண்டு வருஷமாக மழை பொய்த்துவிட்டது. குளம் வற்றியது, குட்டை வற்றியது, ஆற்றில் மணல்தான் மிஞ்சியது.

அந்த மணலைக் கிளறி ஒரு காட்டுப்பன்றி ஊற்று ஒன்றைக் கண்டுபிடித்தது. பேராசை பிடித்த பன்றி அது. ஊற்றின் ஓரத்திலேயே படுத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்க வருகிறவர்களிடம் இலந்தைப் பழம் கேட்டது. முதலில் ஒரு பழம்தான் கேட்டது. தாகம் ஏற ஏற அதுவும் விலையை ஏற்றி, கோடை பிறந்தபோது நான்கு பழத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

அங்கே குட்டி ஈன்ற மான் ஒன்று இருந்தது. வாயில்லாப் பூச்சி. முள்ளுக்குள் நுழைந்து நான்கு பழம் பொறுக்கும். ஒன்றைக்கூடத் தான் தின்னாமல் பன்றியிடம் கொடுத்துக் குட்டியைக் குடிக்க வைக்கும். மிச்சத்தில் தன் நாக்கை நனைத்துக்கொள்ளும்.

பொறுத்துப் பார்த்த விலங்குகள் ஒருநாள் யானை ராஜாவிடம் போய் முறையிட்டன. யானை நல்லதுதான். ஆனால் புகழ்ச்சி என்றால் உயிர்.

முள்ளம்பன்றிக்கு மனதில் பட்டதைச் சொல்லிவிடும் பழக்கம். "மகாராஜா, உங்கள் காலால் ஆற்று மணலைத் தோண்டினால் இன்னும் பத்து ஊற்று வரும். பிறகு அந்தப் பன்றியை யார் தேடிப் போவார்கள்? விலை தானாக இறங்கிவிடும்" என்றது.

மந்திரி நரி குறுக்கே புகுந்தது. "அரசர் மண் தோண்டுவதா? காடு கைகொட்டிச் சிரிக்காதா? ஓர் ஆணை போதும், மகாராஜா."

யானைக்கு அந்தப் பேச்சு இனித்தது. நாளை முதல் தண்ணீர் பாதி விலை, இரண்டு பழம்தான் என்று ஆணையிட்டது. விலங்குகள் துள்ளிக் குதித்தன. அவை பாடிய புகழைக் கேட்டு யானை வெகுநேரம் காதை அசைத்துக்கொண்டிருந்தது.

அன்று மாலையே பன்றி நரியிடம் சண்டைக்கு வந்தது, தன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று.

"உமக்கு ஒரு பழமும் குறையாது. வாயை மூடிக்கொண்டு போம்" என்றது நரி.

மறுநாள் நரி எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசியது. விலையைப் பாதியாக்கிய மன்னருக்கு நன்றி காட்ட வேண்டாமா என்று கேட்டது. தினமும் காலையில் ஆளுக்கு மூன்று பழம் அரசர் பாறையில் வைக்க வேண்டும். நன்றி காட்டாதவருக்கு ஊற்றில் இடமில்லை என்றது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா என்று சொல்லிக்கொண்டு விலங்குகள் விடியும் முன்பே வரிசையில் நின்றன. வைத்த மூன்றில் இரண்டு பன்றிக்குப் போனது, ஒன்று நரியின் வயிற்றுக்குப் போனது. ராஜாவுக்குக் கும்பிடு மட்டும் கிடைத்தது. காலையில் பாறையில் கொடுத்ததையும் மாலையில் ஊற்றில் கொடுத்ததையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நீங்களாவது கூட்டிப் பாருங்கள், குழந்தைகளே.

முள்ளம்பன்றி கூட்டிப் பார்த்தது. "முன்பு நான்கு கொடுத்தோம். இப்போது ஐந்து கொடுக்கிறோம். எதற்கு நன்றி?" என்று கேட்டது.

"நன்றி கெட்டவனே" என்று குரங்குகள் கல்லால் அடித்தன. முள்ளம்பன்றி வளைக்குள் போய்விட்டது.

நாள் போகப் போக இலந்தையும் அருகிவிட்டது. ஒருநாள் மான் எவ்வளவு தேடியும் நான்கு பழம்தான் கிடைத்தது. பழைய விலையாக இருந்தால் அதுவே போதும். மான் மூன்றை நன்றிக்கு வைத்துவிட்டு, மாலையில் மிச்சம் ஒன்றோடும் தள்ளாடும் குட்டியோடும் ஊற்றுக்கு வந்தது.

"ஐயா, இன்றைக்கு மட்டும் ஒரு பழத்துக்குக் குட்டியைக் குடிக்க விடுங்கள்."

"பாதி விலைக்குக் கீழே இன்னும் என்ன குறைப்பது? இன்னொரு பழம் கொண்டு வா" என்றது பன்றி.

குட்டியை அங்கேயே ஒரு புதர் நிழலில் படுக்க வைத்துவிட்டு மான் ஓடியது. உடம்பெல்லாம் கீறிக்கொண்டு எப்படியோ ஒரு பழத்தைத் தேடி எடுத்துத் திரும்பி வந்தது. குட்டி ஊற்றுப் பக்கம் தலையை நீட்டியபடி கிடந்தது. தண்ணீர் நாலடி தூரத்தில்தான் இருந்தது. மான் அதன் வாயில் பழத்தை வைத்துப் பார்த்தது. குட்டி மெல்லவில்லை.

விலங்குகள் கூடிவிட்டன. "தண்ணீர் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது பெற்ற பிள்ளையைத் தாகத்துக்குச் சாகக் கொடுத்தாளே, இவளும் ஒரு தாயா?" என்றது ஒரு பெண் குரங்கு. மற்றவையும் ஆமாம் என்றன. எல்லாப் பழியும் தன்மேல்தான் என்று மானும் நம்பி அழுதது.

மறுநாள் காலையில் அரசர் பாறைக்கு முன்னால் வழக்கம்போல் வரிசை நின்றது. மானும் வந்து கடைசியில் நின்றது.

"விலை குறைந்ததில் எல்லாருக்கும் மகிழ்ச்சிதானே?" என்று யானை கேட்டது.

"மகிழ்ச்சி, மகாராஜா" என்றன விலங்குகள். மானும் சொன்னது.

நீதி: விலை குறைந்தது என்று கைதட்டும் முன், குறைந்த பங்கை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்.