நாரை வாய் திறக்காத நாள்

வாய் இருந்த எல்லா உயிரும் பேசிய அந்தக் காலத்தில், பேச்சில் செங்கால் நாரையை வெல்ல ஆள் கிடையாது. இன்று அதன் தொண்டையில் ஒரு சத்தமும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். சொல்லிப் பெருமைப்படும் கதை இல்லை இது.

மேற்கே வெகு தொலைவில், ஒரு மலைநாட்டில் ஹத்துசா என்றொரு நகரம் இருந்தது. அதை ஆண்டவர்கள் ஹிட்டைட்டுகள். அவர்கள் பிறகு வந்தவர்கள். முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் ஹத்தி மக்கள். வந்தவர்கள் ஊரை எடுத்துக்கொண்டார்கள், தெய்வங்களை எடுத்துக்கொண்டார்கள், நாட்டின் பெயரைக்கூட எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தெய்வங்களுக்கு ஹத்தி மொழிதான் பழக்கம் என்பதால் கோயிலில் ஹத்தியில்தான் பூசை. ஆனால் அரசவையில் ஆண்டவர்களின் நெசா மொழி மட்டும்தான் செல்லும். ஹத்திக்காரன் அங்கே போய்த் தன் குறையைச் சொன்னால், கேட்க ஒரு காதும் இல்லை.

நாரை ஹத்திக்காரர்களின் வயலில் மேயும், ஆண்டவர்களின் மதிலில் ஓய்வெடுக்கும். அதனால் அதற்கு இரண்டு மொழியும் வந்தது.

அரண்மனைக்குத் தண்ணீர் சுமந்தவர்கள் எல்லாரும் ஹத்திக்காரர்கள். கீழே ஊற்றிலிருந்து மேலே கோட்டை வரை, பனி உருகாத பாறையில் வெறுங்காலோடு குடம் சுமப்பார்கள். கால் வெடித்து, போன வழியெல்லாம் ரத்தம் சொட்டும். அதைப் பார்த்த நாரைக்குப் பொறுக்கவில்லை. அரசவைக்குள் நடந்து போய், நடு மண்டபத்தில் நின்று, அரை நாள் பேசியது. பயமுறுத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. "அரசே, நீங்கள் குடிக்கும் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று ஒருமுறை இறங்கி வந்து பாருங்கள்" என்றது. அரசன் இறங்கவில்லை. ஆனால் மறுநாளே தண்ணீர் சுமப்பவர்கள் எல்லாருக்கும், நுனி மேலே வளைந்த தோல் செருப்பு கொடுக்கச் சொன்னான்.

ஊரே நாரையைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. அன்று அது உண்மையிலேயே பெரிய உயிர். அதை நான் மறுக்கமாட்டேன்.

அரசன் விவரமானவன். ஒரு வாரம் கழித்து நாரையைக் கூப்பிட்டு அனுப்பினான்.

"உன்னைப் போலப் பேசத் தெரிந்தவர் சேற்றில் நிற்கலாமா? அரண்மனைக் கூரையில் கூடு கட்டிக்கொள். என் பக்கத்தில் இரு."

பக்கத்தில் நின்ற தலைமைப் பூசாரி அர்மாசிதி ஒரு வார்த்தை சேர்த்தார். "கூரை அரசருடையது. அசுத்தம் என்று ஒரு பேச்சு வந்தால், கூடு மலையடிவாரத்தில் கிடக்கும்."

நாரை கூடு கட்டியது. அதன் துணை நான்கு முட்டைகள் இட்டது. குடம் சுமக்கும் கழுதை ஒன்று கீழே இருந்து கத்தியது: "என்ன நாரையண்ணே, எங்களுக்குச் செருப்பு, உங்களுக்கு மாடியா?"

"பக்கத்துல இருந்தாத்தானே உங்களுக்காகப் பேச முடியும்?" என்றது நாரை.

"பேசுங்க பேசுங்க. அங்கேருந்து பாத்தா நாங்க தெரியறோமான்னு மட்டும் அப்பப்ப பாத்துக்குங்க."

நாரை சிரித்துவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டது.

தண்ணீர் சுமப்பவர்களில் மூத்தவன் பெயர் தாவில். தலை முழுக்க நரைத்தவன். அவன் மனைவி நீவா ஊற்றில் குடம் நிரப்பிக் கொடுப்பாள், அவன் சுமப்பான். அரசன் கைகழுவும் தண்ணீரை மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டி, முற்றத்தில் கூரைக்குக் கீழே வெண்கலக் கிண்டியில் வைப்பது அவன் வேலை. அந்தத் தண்ணீரில் தூசு விழுந்தால் அரசனுக்குத் தீட்டு, அரசனுக்குத் தீட்டு என்றால் நாட்டுக்கே தீட்டு என்பது அவர்கள் நம்பிக்கை.

ஒரு காலை, மழை விட்ட நேரம். நாரை கூரை விளிம்பில் நின்று நனைந்த இறகைக் கோதிக்கொண்டிருந்தது. தாவில் அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நின்னு கோதுங்க. கீழ ராஜா தண்ணி வெச்சிருக்கேன்."

"சரிப்பா, சரி" என்றது நாரை. நகரவில்லை. வெயில் அந்த இடத்தில்தான் நன்றாக விழுந்தது.

சிறிது நேரத்தில் அரசன் கையில் ஊற்றிய தண்ணீரோடு, மெல்லிய வெள்ளை இழை ஒன்று வழுக்கி வந்து விரலில் ஒட்டிக்கொண்டது.

அரசவை கூடியது. அர்மாசிதி அந்த இழையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "முடி. நரைத்த முடி. இதோ நிற்கிறவன் தலையைப் பாருங்கள், வேறு சாட்சி எதற்கு?"

தாவில் படபடவென்று ஏதோ சொன்னான். அரசன் பூசாரியைப் பார்த்தான். "என்ன சொல்கிறான்?"

அர்மாசிதிக்கு ஹத்தி மொழியில் இருநூறு மந்திரம் மனப்பாடம். ஆனால் அந்த மொழியில் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. "அரசே, எனக்குத் தெரிந்தது தெய்வப் பேச்சு. இவன் பேசுவது தெருப் பேச்சு" என்றார். இரண்டும் ஒரே மொழிதான்.

அரசன் நாரையைக் கூப்பிட்டான். அது இறங்கி வந்து நடு மண்டபத்தில் நின்றது, முன்பு அரை நாள் பேசிய அதே இடத்தில்.

தாவிலின் முகம் மலர்ந்தது. "அண்ணே, நல்லவேளை வந்தீங்க. அது முடி இல்ல, உங்க இறகுத் தூவின்னு சொல்லிடுங்க. காலையில மேல நின்னு கோதினீங்கல்ல? தெரியாம விழுந்ததுதானே. நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க. உங்கள ஒண்ணும் பண்ணமாட்டாங்க."

அவன் குரலில் குற்றச்சாட்டே இல்லை.

நாரைக்கு அந்த இழை யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: 'அது என்னுடையது.' நெசா மொழியில் அது இன்னும் சின்ன வாக்கியம். சொன்னால் கூடு போகும். நான்கு முட்டையும் பாறையில் உடையும். சொல்லாவிட்டால் தாவிலைச் செவ்வாறு என்னும் ஆற்றில் இறக்குவார்கள். சுத்தமானவன் என்றால் ஆறு அவனைக் கரை சேர்க்கும், இல்லையென்றால் எடுத்துக்கொள்ளும். அதுதான் அவர்கள் நீதி. பனி உருகிப் பெருகி ஓடும் ஆறு யார் சுத்தமானவன் என்று பார்த்தா இழுக்கும்?

"சொல், நாரையே" என்றான் அரசன். "இவன் என்ன சொல்கிறான்?"

நாரை அலகைத் திறந்தது. மூடியது. திறந்தது, மூடியது. டக், டக், டக், டக் என்று சத்தம் மட்டும் வந்தது.

"அண்ணே, சும்மா சொல்லுங்க" என்றான் தாவில்.

டக், டக், டக்.

"இவனுக்காகச் சொல்ல நாரையிடமே ஒன்றும் இல்லை, அரசே" என்றார் அர்மாசிதி.

முட்டைக்காக என்று நாரைக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியிருக்கிறேன். தாவிலுக்கும் வீடு இருந்தது. மண்டபத்தில் நின்ற ஒவ்வொருவனுக்கும் ஏதோ ஒரு கூட்டில் முட்டை இருந்தது. நாரை ஒன்றுக்குத்தான் பேச வாய் இருந்தது.

அன்றே அவனைச் செவ்வாற்றுக்குக் கொண்டுபோனார்கள். செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு அவன் இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். மூன்றாவது அடியில் ஆறு அவனை எடுத்துக்கொண்டது. கூட்டம் கலைந்தது. அரசனுக்குப் புதிய கிண்டியில் தண்ணீர் வைத்தார்கள்.

நாரை கரைக்குப் பறந்து போனது. நீவா தனியாக உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று அவள் முன்னால் போய் நின்றது. அலகைத் திறந்தது. தொண்டையில் ஒன்றும் இல்லை. ஹத்தியும் இல்லை, நெசாவும் இல்லை. டக், டக் என்று எலும்பு மோதும் சத்தம்தான்.

நீவா நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. "இப்ப எதுக்குண்ணே வந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பார்வையை நாரையால் தாங்க முடியவில்லை. கழுத்தை வளைத்துத் தலையைப் பின்னால் தள்ளியது. உச்சி முதுகில் படும் வரை தள்ளியது. அப்படி நின்றபடியே அலகை அடித்துக்கொண்டது.

நான்கு முட்டையும் பொரிந்தன. நான்கு குஞ்சுக்கும் குரல் இல்லை. அதற்குப் பிறகு ஹத்திக்காரர்களின் பேச்சை அவையில் எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. பூசையில் மட்டும் மிஞ்சி, பிறகு அங்கும் அற்றுப்போனது அந்த மொழி. நகரம் எரிந்து கிடந்த நாளில், ஆண்டவர்களின் மொழியும் களிமண் பலகைகளோடு மண்ணுக்குள் போனது.

நாரைகள் போகவில்லை. இன்றும் மனிதர் வாழும் கூரைகளில்தான் கூடு கட்டுகின்றன. யாராவது அண்ணாந்து பார்த்தால் தலையை முதுகில் சாய்த்து அலகை அடித்துக்கொள்கின்றன. கொண்டாட்டம் என்கிறார்கள், வானத்தைப் பார்க்கின்றன என்கிறார்கள். செவ்வாற்றங்கரையில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்த நாளிலிருந்துதான், நாரையால் நம் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.