மூங்கில் வாசலும் நர்ஸ் சடைச்சியும்

காட்டு மருத்துவமனையில் சடைச்சி என்ற கரடி நர்ஸாக இருந்தாள். குளிரில் நடுங்கும் குட்டிகளை மடியில் போட்டுக்கொள்வாள். அந்தத் தொப்பைக்கும் சடைமுடிக்கும் ஈடான போர்வை காட்டிலேயே கிடையாது. மருந்து கசக்கிறது என்று அடம்பிடிக்கும் மான்குட்டிகூட அங்கே படுத்ததும் வாயைத் திறந்துவிடும்.

மருத்துவமனையை நடத்திய நாரையாருக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. தொப்பை மட்டும் பட்டது!

"நோய் தீர்க்கும் இடத்தில் இப்படி ஓர் உடம்பா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்!" என்றார். சுற்றிலும் வேலி போட்டார். வாசலில் இரண்டு மூங்கில்களை நெருக்கி நட்டார். "இதற்குள் நுழைகிறவர்களுக்குத்தான் இங்கே நர்ஸ் வேலை!"

அணில் நுழைந்தது. கீரி நுழைந்தது. சடைச்சியின் தலை நுழைந்தது, தோள் மாட்டிக்கொண்டது.

"ஐயா, நான் யாருக்காவது மருந்தை மாற்றிக் கொடுத்தேனா? கூப்பிட்ட குரலுக்கு வராமல் இருந்தேனா?"

"அதெல்லாம் இல்லை! ஆனால் அளவு அளவுதான்!"

உடம்பு இளைக்க வேண்டும் என்று சடைச்சி தேன் குடிப்பதை விட்டாள். கரையான் தின்பதைப் பாதியாகக் குறைத்தாள். தினமும் காலையில் வந்து வாசலில் தோளைக் கொடுத்துப் பார்ப்பாள். எலும்பே அகலமாக இருந்தால் அவள்தான் என்ன செய்வாள், பாவம்!

வேலிக்கு வெளியே ஒரு மரத்தடியிலேயே கிடந்தாள். உள்ளே இருமல் கேட்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "ஐயோ, அது மான்குட்டி! ஒருக்களித்துப் படுக்கவைத்தால் நின்றுவிடுமே!" என்று கையைப் பிசைவாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள முடிந்தால் போதும் என்று ஏங்குவாள்.

மார்கழிப் பனி கொட்டியது. "நர்ஸக்கா எங்கே?" என்று மான்குட்டி அழுதது. அணில் பாவம், தன் வாலை எடுத்துப் போர்த்திவிட்டது. அது ஒரு காதைத்தான் மூடியது!

விடிந்ததும் மான்குட்டி தள்ளாடி எழுந்தது. மூங்கில் இடுக்கில் சுலபமாக நுழைந்து வெளியே வந்து, சடைச்சியின் மடியில் விழுந்தது. அதன் பின்னால் முயல் வந்தது. மயில்குஞ்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் படுக்கைகள் எல்லாம் காலி!

"எல்லாரும் உள்ளே வாருங்கள்!" என்று கத்திய நாரையாருக்கே தும்மல் வந்தது. நெட்டைக் கால்கள் வெடவெடத்தன. மெல்ல வெளியே வந்தார்.

"சடைச்சி... எனக்கும் ஓரமாக இடம் இருக்குமா?"

"இருக்கிறது ஐயா! ஆனால் இந்தக் குட்டிக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. மருந்தும் படுக்கையும் வேலிக்குள்ளே, நான் வெளியே இருக்கிறேனே!"

நாரையார் தலைகுனிந்தார். மூங்கில்களை நட்ட அலகாலேயே அவற்றைப் பிடித்து இழுத்தார். அணிலும் கீரியும் ஓடிவந்து அடிமண்ணைத் தோண்டின. மூங்கில்கள் சாய்ந்தன.

மான்குட்டியை அணைத்தபடி சடைச்சி அந்த வாசலைத் தாண்டினாள். அவளுக்கு அழுகை பொங்கி வந்தது.

"அழாதே நர்ஸக்கா, நான் மருந்து குடிக்கிறேன்!" என்றது மான்குட்டி.

வேலைக்குத் தேவையில்லாத அளவை வைத்து ஒருவரை வெளியே நிறுத்தினால், அவரை நம்பி உள்ளே படுத்திருப்பவர்களும் சேர்ந்தே தவிக்க வேண்டியிருக்கும்.